கடகடவென வாசிக்கிறான், ஆனால் புரிகிறதா? ஆட்டிசக் குழந்தைகளும் தமிழ் வாசிப்பும்

மூன்று வயதுக் குழந்தை கடைப் பலகைகளை வரிசையாக வாசிக்கும் காணொளிகள் கைப்பேசிகளில் அடிக்கடி சுற்றுகின்றன. "மேதை" என்று ஒரு பக்கம் புகழ்ச்சி, "இது ஆட்டிசத்தின் அறிகுறி" என்று மறுபக்கம் பயமுறுத்தல். இதற்கு நேரெதிராக, ஏழு வயதாகியும் பேசாத குழந்தையின் பெற்றோரிடம் "முதலில் பேச்சு வரட்டும், எழுத்தைப் பிறகு பார்க்கலாம்" என்று சொல்கிறார்கள். ஒரு குழந்தைக்கு வாசிப்பு வந்துவிட்டது என்றும் இன்னொரு குழந்தைக்கு வரவே வராது என்றும் தீர்மானித்துவிடும் இந்த இரண்டு பேச்சுகளுக்கும் அடியில் இருப்பது ஒரே குழப்பம்: எழுத்தை ஒலியாக்குவதையே வாசிப்பு என்று எடுத்துக்கொள்வது.

வாசிப்பில் இரண்டு வேலைகள்

1986இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த எளிய சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. வாசித்துப் புரிந்துகொள்வது இரண்டு திறன்களின் பெருக்கல். ஒன்று எழுத்துக்கூட்டல், அதாவது எழுத்தைப் பார்த்துச் சொல்லாக ஒலிப்பது. மற்றொன்று மொழிப்புரிதல், அதாவது அதே வாக்கியத்தை யாராவது வாயால் சொன்னால் புரிந்துகொள்வது.

இங்கே முக்கியம், கூட்டல் இல்லை, பெருக்கல் என்பது. இரண்டையும் 0 முதல் 1 வரை அளப்பதாக வைத்துக்கொள்வோம். எழுத்துக்கூட்டல் 0.9, மொழிப்புரிதல் 0.2 என்றால் கிடைப்பது 0.18தான். ஒன்று பூச்சியமானால் மற்றது எவ்வளவு உயர்ந்திருந்தாலும் பயனில்லை.

டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு உள்ள குழந்தைக்குப் பெரும்பாலும் முதல் வேலையில் சிக்கல். கதையைச் சொன்னால் புரியும், பக்கத்தில் பார்த்தால் வாசிக்கத் திணறும். ஆட்டிசத்தில் இது பல சமயம் தலைகீழாக இருக்கிறது. பிரிட்டனில் கேட் நேஷனும் குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில் ஆட்டிச நிலையிலுள்ள 41 குழந்தைகள் இருந்தார்கள். 9 பேரால் வாசிக்கவே இயலவில்லை. வாசித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பொருளுணர்வு அவர்கள் வயதுக்குரிய அளவைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தது. அதே கூட்டத்தில் எந்தச் சிக்கலும் இல்லாமல் வாசித்துப் புரிந்துகொண்டவர்களும் உண்டு. ஆகவே "ஆட்டிசக் குழந்தை இப்படித்தான் வாசிக்கும்" என்று ஒரு வார்ப்பு கிடையாது. முதலில் தெரிய வேண்டியது, நம் முன்னால் இருக்கும் குழந்தைக்கு எந்த வேலையில் தடை என்பதுதான்.

ஹைப்பர்லெக்சியா: வரமா, எச்சரிக்கையா?

யாரும் சொல்லிக்கொடுக்காமல், மிகச் சிறு வயதில், புரிதலை விஞ்சிய வேகத்தில் சொற்களை ஒலிக்கும் நிலைக்கு ஹைப்பர்லெக்சியா என்று பெயர். நார்மன், மார்கரெட் சில்பர்பெர்க் இருவரும் 1967இல் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதுவரை வெளியானவற்றைத் திரட்டிய 2017ஆம் ஆண்டின் ஓர் ஆய்வுத் தொகுப்பு, ஆட்டிசக் குழந்தைகளில் 6 முதல் 20 விழுக்காட்டினரிடம் இது காணப்படலாம் என்கிறது. பதிவான ஹைப்பர்லெக்சியா நேர்வுகளில் 84 விழுக்காடு ஆட்டிச நிலையோடு சேர்ந்தவை என்றும் அதே தொகுப்பு சொல்கிறது. ஆட்டிசம் இல்லாமல் சீக்கிரமே வாசிக்கும் குழந்தைகளும் இருக்கிறார்கள். வாசிப்பை மட்டும் வைத்து யாருக்கும் பெயர் சூட்ட முடியாது.

இதை ஒரு கோளாறாக நினைத்து, குழந்தையின் கையிலிருந்து எழுத்துகளைப் பிடுங்கிவிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறான யோசனை. காதில் விழுந்த சொல் அடுத்த நொடி காற்றோடு போய்விடும்; தாளில் உள்ள சொல் அங்கேயே நிற்கும். அதனால் பேச்சைப் பின்தொடரத் திணறும் குழந்தைக்கு எழுத்தே பேச்சுக்கான வாசலாக அமையலாம். "குளித்துவிட்டுச் சாப்பிடலாம்" என்று பத்து முறை சொல்லியும் அசையாத குழந்தை, அதையே இரண்டு வரியாக எழுதி நீட்டினால் எழுந்து போவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். செய்ய வேண்டியது, அந்த விருப்பத்தைப் பொருள் பக்கம் திருப்புவது.

தமிழ் எழுத்து எப்படி ஏமாற்றும்?

வாசிப்பு பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தை வைத்து நடந்தது. தமிழுக்கு அப்படியே பொருத்தினால் நான்கு இடங்களில் இடறும்.

1. ஒலிப்பு எளிது, அதனால் பலவீனம் தெரியாது. ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலியும் அடிக்கடி பிரிந்துபோவதால், அறியாத சொல்லில் குழந்தை தட்டுத் தடுமாறும். தமிழில் உயிர்மெய் தெரிந்த குழந்தை தலையங்கத்தைக்கூடத் தடையில்லாமல் ஒலித்துவிடும். ஆசிரியர் "நன்றாக வாசிக்கிறான்" என்று அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவார். புரியவில்லை என்பது நான்காம், ஐந்தாம் வகுப்பில் வினா விடை எழுதும்போதுதான் வெளிப்படும்.

2. ஒரே எழுத்து, இரண்டு ஒலி. க, ச, ட, த, ப ஆகியவை இடத்துக்கு ஏற்ப ஒலி மாறுபவை. பெரும்பாலும் இடமே ஒலியைக் காட்டிவிடும். வடமொழியிலிருந்து வந்த சில சொற்களில் மட்டும் பொருள் தெரிந்தால்தான் ஒலி தெரியும். பாட்டி சொன்ன "கதை" வேறு, பீமன் கையிலிருந்த "கதை" வேறு. "பாவம், அழுகிறான்" என்பதில் உள்ள பாவம் வேறு, நாட்டியக்காரர் முகத்தில் காட்டும் பாவம் வேறு. 1983இல் ஊட்டா ஃப்ரித், மார்கரெட் ஸ்னோலிங் ஆகியோர் ஆங்கிலத்தில் இத்தகைய இரட்டை ஒலிச் சொற்களை வைத்து, ஆட்டிசக் குழந்தைகள் வாக்கியத்தின் பொருளைப் பார்த்து ஒலியை மாற்றுகிறார்களா என்று சோதித்தார்கள். பலர் எந்த வாக்கியத்திலும் பழக்கமான ஒலியையே சொன்னார்கள். பின்னர் வந்த ஆய்வுகளில் முடிவு எப்போதும் இப்படியே அமையவில்லை. ஆனாலும் வீட்டில் செய்து பார்க்கத் தமிழிலேயே நமக்குக் கிடைத்த நல்ல சோதனை இது.

3. பேச்சு ஒன்று, எழுத்து ஒன்று. வீட்டில் "அம்மா கடைக்குப் போயிட்டு வந்துட்டாங்க". புத்தகத்தில் "அம்மா கடைக்குச் சென்று வந்தாள்". மற்றக் குழந்தைகள் இரண்டையும் தாமாகவே முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். சொல்லுக்குச் சொல் பற்றிக்கொள்ளும் குழந்தைக்கு இவை இரண்டு மொழிகள். போதாக்குறைக்கு, வீட்டில் "வந்தாங்க" என்றால் ஒருவரா பலரா என்பது தனிச் சிக்கல்.

4. சொல் உருமாறும். அட்டையில் "வீடு" கற்ற குழந்தை பாடத்தில் சந்திப்பது வீட்டுக்கு, வீட்டில், வீட்டிலிருந்து. "மரம்" மரத்தடியாகிறது, "ஆறு" ஆற்றங்கரையாகிறது. பட அட்டைகள் எல்லாமே பெயரின் முதல் வடிவத்தை மட்டும் காட்டுவதால், நூறு அட்டை தெரிந்த குழந்தைக்கு முதல் பத்தியே அந்நியமாகிவிடுகிறது. நம் கடைகளில் விற்கும் அட்டைப் பெட்டிகளின் பெரிய குறை இதுதான் என்று சொல்வேன்.

முதலில் சோதிக்க வேண்டியது

வாய்விட்டு வாசிக்கச் சொல்லி முடிவெடுக்கக் கூடாது. பேச்சு தேவைப்படாத முறை ஒன்று:

1. குழந்தைக்குத் தெரிந்த பொருள்கள் ஐந்தாறை மேசைமீது வையுங்கள்: சிவப்புக் கரண்டி, நீலக் கரண்டி, தட்டு, டம்ளர், பந்து.
2. "நீலக் கரண்டியை டம்ளரில் போடு" என்பதைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். வாயால் சொல்லாதீர்கள், கண்ணாலும் கரண்டியைப் பார்க்காதீர்கள். பெற்றோரின் பார்வையைப் படித்தே விடை சொல்லும் குழந்தைகள் நிறைய.
3. பத்து நொடியாவது காத்திருங்கள். மூன்றாவது நொடியில் "ம், போடு" என்று தூண்டுவதுதான் இங்கே எல்லோரும் செய்யும் தவறு.
4. இன்னொரு நாள் அதே போன்ற பத்துக் கட்டளைகளை வாயால் மட்டும் சொல்லிப் பாருங்கள்.

வாயால் சொன்னதும் செய்து, எழுதியதைச் செய்யவில்லை என்றால் தடை எழுத்துக்கூட்டலில். இரண்டிலும் செய்யவில்லை, ஆனால் தாளைச் சரளமாக ஒலிக்கிறது என்றால் தடை மொழியில். எழுதியதை மட்டும் செய்கிறது என்றால் எழுத்தே அந்தக் குழந்தையின் பலம்; பள்ளியிலும் வீட்டிலும் கட்டளைகளை எழுதிக் கொடுக்க வேண்டும்.

நான்கு படங்களில் ஒன்றைத் தொடச் சொல்லும் சோதனை என்றால் கணக்கில் கவனம் தேவை. ஒன்றுமே தெரியாமல் தொட்டாலும் பத்துக்கு இரண்டு மூன்று சரியாக விழும். தொடர்ந்து மூன்று நாள், பத்துக்கு எட்டு வந்தால்தான் "தெரியும்" என்று எடுத்துக்கொள்ளலாம்.

எழுத்துக்கூட்டலில் தடை என்றால்

247 எழுத்துகளின் அட்டவணையைச் சுவரில் ஒட்டி மேலிருந்து கீழே ஒப்பிக்க வைப்பது வழக்கம். ஆட்டிசக் குழந்தைகள் சிலர் இதை அழகாகப் பாடமாக ஒப்பித்துவிடுவார்கள். நடுவிலிருந்து "தே"யைக் காட்டினால் தெரியாது. பாட்டு தெரிகிறது, எழுத்து தெரியவில்லை.

சுமை உண்மையில் 247 இல்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று என 31 எழுத்துகளையும், உயிர்மெய்யில் வரும் கால், கொம்பு, சுழி போன்ற குறிகளையும் பிடித்தால் போதும். 216 உயிர்மெய்களில் அகர வரிசை 18. உகர, ஊகார வரிசைகளின் 36 மட்டும் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும் முரடர்கள் (கு, சு, து, மு எதுவும் எதோடும் ஒத்துப்போகாது). மீதி 162 பெரும்பாலும் விதிப்படி நடப்பவை. விதியை நேசிக்கும் குழந்தைக்கு இது நல்ல செய்தி. 36ஐத் தள்ளி வைத்து, கடைசியில் தனித்தனியாகக் கற்பிக்கலாம்.

தொடக்கத்துக்கு அ, ஆ, ப, ட, ம ஆகிய ஐந்து எழுத்து, கால், புள்ளி ஆகிய இரண்டு குறி. இந்த ஏழிலேயே அம்மா, அப்பா, மாமா, பாப்பா, படம், பாடம், பட்டம், மட்டம், ஆட்டம், மாடம் என்று பத்துச் சொற்கள் வந்துவிடுகின்றன. ப, ட, ம வடிவத்திலும் எளியவை. ஒரு வேளைக்குப் பத்து நிமிடம், நாளுக்கு இரண்டு வேளை போதும். புதியது மூன்றுக்கு மேல் வேண்டாம். மீதி எல்லாம் முன்பே தெரிந்தவையாக இருக்கட்டும்.

கெட்டுப்போகும் இடங்களும் காரணங்களும்:

1. அ என்ற எழுத்தைக் காட்டினால் "அம்மா" என்று சொல்வது. எழுத்தையும் படத்தையும் எப்போதும் சேர்த்தே காட்டியதன் விளைவு. படத்தை அட்டையின் பின்பக்கத்துக்கு மாற்றுங்கள். முதலில் எழுத்து, பதில் சொன்ன பிறகு படம்.

2. வீட்டு அட்டையில் தெரியும் எழுத்து பள்ளிப் பலகையில் தெரியாமல் போவது. 1971இல் இவார் லோவாஸ் குழுவினர், ஆட்டிசக் குழந்தைகள் பல குறிப்புகளில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளும் போக்கைச் சோதனையில் காட்டினார்கள். உங்கள் குழந்தை பிடித்துக்கொண்டது "ம"வின் வடிவமாக இல்லாமல் அட்டையின் மடங்கிய மூலையாக இருக்கலாம். ஒரே எழுத்தை நான்கு அட்டையில், நான்கு பேர் கையெழுத்தில், வேறு வேறு நிறத்திலும் அளவிலும் எழுதிக் கலந்து காட்டுங்கள். பால் பாக்கெட்டிலும் பேருந்துப் பலகையிலும் தேட விடுங்கள்.

3. கொம்புக் குறி. கெ, கே, கை ஆகியவற்றில் குறி முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. கொ, கோ இரண்டிலும் குறி மெய்யை இருபுறமும் அணைத்து நிற்கும். இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக ஒலிக்கக் கற்ற குழந்தை இங்கே நின்றுவிடும். குறியைத் தனியாக எழுதாமல், மெய்யோடு சேர்த்து ஒரே நிறத்தில் வட்டமிட்டு ஒரு முழு எழுத்தாகக் காட்ட வேண்டும். பல எழுத்துருக்களில் காலும் ரகரமும் ஒன்றுபோல் இருப்பதும், "கௌ" என்பது "கெ" பக்கத்தில் "ள" நிற்பதுபோல் தெரிவதும் இதே வகை. தாத்தா காலத்துப் புத்தகத்தைக் கொடுக்கும்முன் ஒன்று பாருங்கள்: 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னா, லை போன்றவை வடிவம் வேறு.

4. கையால் எழுதுவதை வாசிப்போடு கட்டிப்போடுவது. விரல் வலிமை குறைந்த குழந்தைக்கு "ணி" எழுத வராது. அதனால் வாசிக்கவும் தெரியாது என்று பொருளில்லை. எழுத்து அட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்க விடலாம். விசைப்பலகையிலும் தட்டலாம், ஆனால் அங்கே "கெ"க்கு முதலில் க, பிறகு எகரம், கையெழுத்துக்கு நேர்மாறு. இதை முன்கூட்டியே காட்டிவிடுங்கள், இல்லையென்றால் திரையில் எழுத்து இடம் தாவுவதைக் கண்டு சில குழந்தைகள் கலங்கிவிடுவார்கள்.

பொருளில் தடை என்றால்

அதிக உழைப்பு கேட்கும் இடம் இதுதான். இன்னும் கடினமான புத்தகங்களைக் கொடுப்பதால் எதுவும் ஆகாது. வாசிப்பு நிலையை வேண்டுமென்றே கீழே இறக்கி, இரண்டு வாக்கியத்தில் தொடங்க வேண்டும்.

ஓகானர், க்ளைன் என்ற இருவர் 2004இல் ஆட்டிச நிலையிலுள்ள 20 பதின்வயதினரிடம் மூன்று உதவிகளை ஒப்பிட்டார்கள்: வாசிப்பதற்கு முன் கேள்வி கேட்பது, கோடிட்ட இடம் நிரப்புவது, "அவன்", "அது" போன்ற சுட்டுச் சொல் யாரைக் குறிக்கிறது என்று அங்கங்கே நின்று தேர்ந்தெடுக்க வைப்பது. தெளிவான பலன் தந்தது மூன்றாவதுதான்.

தமிழில் இதை இன்னும் ஒரு படி உள்ளே கொண்டுபோக வேண்டும். ஏனென்றால் நாம் "அவன்" என்பதையே விட்டுவிட்டு வினைமுற்றில் ஆளை ஒளித்து வைக்கிறோம்:

"மாலா பந்தை முருகனிடம் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினான்."

ஓடியது யார்? விடை "ஓடினான்" என்பதன் கடைசி எழுத்துகளில் மட்டும் இருக்கிறது. சரளமாக ஒலிக்கும் குழந்தை அதைக் கடந்து போய்விடும். முதலில் வந்த பெயரையே பிடித்துக்கொண்டு "மாலா" என்று சொல்லும். பயிற்சி இப்படி:

1. மாலா, முருகன் இருவரின் சிறு படங்களை வெட்டி வையுங்கள்.
2. வினைமுற்றின் ஆன், ஆள், ஆர், அது ஆகிய விகுதிகளுக்கு மட்டும் வண்ணம் தீட்டுங்கள்.
3. ஒவ்வொரு வினைமுற்றின் மேலும் உரிய படத்தைக் குழந்தை வைக்கட்டும்.
4. ஒரு வாரம் கழித்து வண்ணத்தை எடுத்துவிடுங்கள், பிறகு படத்தை. "யார்?" என்ற கேள்வி மட்டும் மிஞ்ச வேண்டும்.

பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளிக்கு இரட்டை வரி உதவும். குழந்தை அன்று சொன்ன அல்லது கேட்ட ஒரு வாக்கியத்தை மேலே பேச்சிலும் கீழே எழுத்து நடையிலும் எழுதுங்கள்: "பஸ்ல போனோம்", "பேருந்தில் சென்றோம்". சொந்த நாளிலிருந்து எடுத்த வாக்கியம் என்பதால் பொருள் முன்பே தெரியும். புதிதாகப் பழக வேண்டியது வடிவம் மட்டும். அட்டைகளிலும் வீடு, வீட்டில், வீட்டுக்கு என்று குடும்பம் குடும்பமாக வையுங்கள்.

பலபொருள் சொற்களைத் தனியாக எடுக்க வேண்டும். ஆறு, படி, மாலை, திங்கள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் இரண்டு படம், இரண்டு வாக்கியம். ஒரு பொருளை உறுதியாகப் பிடித்துக்கொண்ட குழந்தை, "மாலையில் மாலை வாங்கினார்" என்பதில் கோபப்படுவது இயல்பு.

எழுதாததை ஊகிப்பது கடைசிப் படி. "ரவி குடையை மறந்துவிட்டான். நனைந்து வந்தான்" என்பதில் மழை என்ற சொல்லே இல்லை. "ஏன்?" என்று வெறுமனே கேட்டால் மௌனமே கிடைக்கும். மழை, குளம், குழாய் என்று மூன்று படம் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், பிறகு அந்தப் படத்துக்கு ஆதாரமான சொல்லை வாக்கியத்தில் கோடிடச் சொல்லுங்கள். கோடிடுவதுதான் பயிற்சி, படம் வெறும் ஊன்றுகோல்.

குழந்தை ரயில், மின்விசிறி, நாட்காட்டி என்று எதிலாவது ஆழ்ந்திருந்தால் முதல் பத்திகள் அதைப் பற்றியே இருக்கட்டும். பின்னணி அறிவு அங்கேதான் நிரம்பியிருக்கிறது.

பேசாத குழந்தைக்கு எழுத்து

பேச்சு வரும்வரை காத்திருக்கச் சொல்வதற்கு அடிப்படை இல்லை. ஒலியைக் கேட்டு எழுத்தைத் தொட முடிந்தால் கற்பிக்கத் தொடங்கலாம். "கண்ணைப் பார்க்க வேண்டும், அரைமணி உட்கார வேண்டும், பிறகுதான் எழுத்து" என்ற முன்நிபந்தனைகளும் தேவையற்றவை. படத்தைத் தொட்டால் அதற்குரிய சொல்லை ஒலிக்கும், சென்னையில் உருவான அவாஸ் போன்ற தொடர்புச் செயலிகள் தமிழிலும் கிடைக்கின்றன. அவற்றில் படத்தின் கீழே சொல் தெரியும்படி வைப்பதோடு, எழுத்துப் பலகையையும் முதல் நாளிலிருந்தே திறந்து வைக்க வேண்டும். படத்தால் கேட்கக்கூடியது யாரோ முன்பே யோசித்து வைத்த சொற்களை மட்டும். எழுத்தால் எதையும் கேட்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. குழந்தையின் கையையோ தோளையோ உதவியாளர் பிடித்துக்கொள்ள, குழந்தை எழுத்துகளைச் சுட்டும் முறை ஒன்று உண்டு. உதவியாளர் எழுத்துப் பலகையை அந்தரத்தில் பிடித்தபடி அடுத்தடுத்துத் தூண்டும் முறை இன்னொன்று. திடீரென்று நீண்ட வாக்கியங்கள் வெளிவரும்போது பெற்றோர் நெகிழ்ந்துபோவது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் முதல் முறையில், உதவியாளரும் குழந்தையும் வெவ்வேறு படங்களைப் பார்த்தபோது வெளிவந்தது உதவியாளர் பார்த்த படத்தின் பெயர் என்பதைக் கட்டுப்பாட்டுச் சோதனைகள் காட்டின. அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் 2018இல் இரண்டு முறைகளையும் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்தது. குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்று இதற்குப் பொருளில்லை. அந்தச் சொற்கள் குழந்தையுடையவையா என்று அறிய வழியில்லை என்பதே பொருள். யார் கையும் படாமல், மேசைமீது நிலையாக வைத்த பலகையில் குழந்தை தானே தட்டும் ஒரு சொல், மெதுவாக வந்தாலும், குழந்தையின் சொல்.

பள்ளியில் கேட்க வேண்டியவை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 ஆட்டிசத்தைத் தனி வகையாகப் பட்டியலிடுகிறது. தமிழகத்தில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறார்கள். வாய்விட்டு வாசிப்பதை மட்டும் கேட்டு நிலை முடிவானால், ஹைப்பர்லெக்சியா உள்ள குழந்தை மேலேயும் பேசாத குழந்தை கீழேயும் போய் உட்காரும். இரண்டும் தவறாக முடியலாம். மேலே சொன்ன கரண்டிச் சோதனையின் முடிவை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

உங்கள் குழந்தைக்கென்று பள்ளியில் எழுதும் தனிப்பயிற்சித் திட்டத்தில் "வாசிப்பு மேம்படும்" என்று எழுதியிருந்தால் மாற்றி எழுதச் சொல்லுங்கள். "இரண்டு வாக்கியப் பத்தியில், வினைமுற்றைப் பார்த்து யார் செய்தது என்பதைப் பத்துக்கு எட்டு முறை சரியான படத்தால் காட்டுவான்" என்பது அளக்கக்கூடிய இலக்கு. பொதுத்தேர்வில் மொழிப்பாட விலக்கு, கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. பிற்பாடு விலக்கு கிடைக்கும் என்பதற்காக இரண்டாம் வகுப்பிலேயே தமிழ் வாசிப்பை நிறுத்திவிடும் வழக்கத்துக்கு மட்டும் உடன்படாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசக் குழந்தையின் மொழி வளர்ச்சி பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. வீட்டில் காதில் விழும் மொழி தமிழ் என்றால், பொருளைப் பிடிக்க எளிதான இடமும் அதுவே.